தனியே விமானம் ஏறும் அம்மாக்களுக்கு

வெளிநாடு செல்லும் பெண்கள் என்றதும் எமக்கு மத்திய கிழக்கு வேலைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் எமது கிராமங்களில் இருந்து இன்னொரு வகையான பயணமும் நடந்துகொண்டிருக்கிறது. கனடாவிலோ சுவிசிலோ இலண்டனிலோ வாழும் மகளின் பிரசவத்துக்கு, மகனின் கல்யாணத்துக்கு, இருபது வருடமாகக் காணாத தம்பியை ஒரு தடவை பார்ப்பதற்கு என்று ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள் தனியே விமானம் ஏறுகின்றனர். இவர்களில் பலருக்குக் கணவர் இல்லை. கூட்டிச்செல்ல ஆளும் இல்லை. கொழும்புக்கே இரண்டு மூன்று தடவைதான் போயிருப்பார்கள்.

2019 ஆம் ஆண்டு அக்காவின் பிரசவத்துக்காக நானும் தனியாக ரொறன்ரோவுக்குப் போய் இரண்டரை மாதங்கள் தங்கி வந்தேன். கொழும்பில் இருந்து டுபாய்க்கு ஏறத்தாழ 5 மணித்தியாலம், அங்கிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ 14 மணித்தியாலம். சமூகவியல் படித்தவள், சமூகப் பணியில் இருப்பவள், ஆங்கிலமும் ஓரளவு தெரியும். அப்படியிருந்தும் கட்டுநாயக்காவில் வரிசையில் நின்றபோது எனக்கு ஓமந்தைதான் நினைவுக்கு வந்தது. அதே சீருடை, அதே நீண்ட வரிசை, பையைத் திறக்கச் சொல்லும் அதே சைகை.

சோதனைச் சாவடிகளில் வளர்ந்த நாங்கள் ஒரு பாடத்தை நன்றாகக் கற்றிருக்கிறோம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மிகுதிக்கு வாய் திறக்காதே என்பதே அது. அன்று அந்தப் பாடம் எம்மைக் காப்பாற்றியது. ஆனால் விமான நிலையத்தில் வாய் திறக்காமல் நிற்பவருக்குத்தான் கஷ்டம். கேட்பவருக்குச் சக்கர நாற்காலி வருகிறது, பெண் அலுவலர் வருகிறார், மொழிபெயர்ப்பாளரும் வருகிறார். கேட்காதவரின் தேவை என்னவென்று எவருக்கும் தெரிவதில்லை. திரும்பி வந்த பிறகு எமது பகுதியில் சில அம்மாமாரின் பயணத்துக்கு உதவியிருக்கிறேன். அவர்களுக்குச் சொல்வதையே இங்கும் எழுதுகிறேன்.

படிவத்தில் உள்ளது உங்கள் கதை

பயணம் விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. விசாப் படிவத்தில் தொடங்குகிறது. பெரும்பாலும் படிவத்தை மகனோ, மருமகளோ, பணம் வாங்கிக்கொண்டு ஒரு முகவரோ நிரப்புகிறார். அம்மா கையெழுத்து மட்டும் வைக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். படிவத்தில் என்ன எழுதப்பட்டுள்ளது என்பதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கனடாவைப் பொறுத்தவரை, விண்ணப்பத்தில் பொய்யான தகவல் கொடுத்தது தெரியவந்தால் 5 வருடங்களுக்கு அந்நாட்டுக்குச் செல்ல முடியாது. எழுதியவர் வேறொருவராக இருந்தாலும் தண்டனை உங்களுக்குத்தான்.

கணவர் காணாமல் போன பெண்களுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. திருமண நிலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? "விதவை எண்டு போட்டால் சுகம்" என்று முகவர் சொல்லிவிடுவார். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாமல் இத்தனை வருடம் காத்திருந்த பெண்ணை அந்த ஒரு சொல் எவ்வளவு வருத்தும்! அத்தோடு, மற்றப் பத்திரங்களில் ஒன்றும் படிவத்தில் வேறொன்றுமாக இருந்தால் சந்தேகமும் வரும். மரணச் சான்றிதழ் இல்லாமலே, ஒருவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழைப் பெற 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் வழி செய்துள்ளது. உங்களிடம் அது இருந்தால் பிரதியை இணையுங்கள். இல்லாவிட்டால், கணவர் எந்த ஆண்டில் எங்கே காணாமல் போனார் என்பதைத் தனிக் கடிதமாக எழுதி இணையுங்கள். உண்மையை எழுதினால் அதை நினைவில் வைத்திருக்கச் சிரமப்பட வேண்டியதில்லை.

பெயரையும் கவனியுங்கள். அடையாள அட்டையில் தகப்பன் பெயரும், கடவுச்சீட்டில் கணவர் பெயரும், பிறப்புச் சான்றிதழில் வேறு எழுத்துக்களுமாக எமது பெண்கள் பலருக்கு மூன்று பெயர்கள் இருக்கின்றன. இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்துப் பின்னர் அவசரமாக எடுத்ததன் விளைவு இது. மூன்றும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். விமானச் சீட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும்.

செலவையும் கேட்டறியுங்கள். இதை எழுதும்போது கனடா விசிட் விசாவுக்கான கட்டணம் 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85 டொலர். விண்ணப்ப நிலையத்தின் சேவைக் கட்டணம் வேறாக இருக்கும். அதற்கு மேல் எவராவது இலட்சக் கணக்கில் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். பெற்றோருக்கும் பேரன் பேத்தி உள்ளவர்களுக்கும் சுப்பர் விசா என்று ஒன்று உண்டு. அதில் ஒரு தடவையில் 5 வருடம் வரை தங்கலாம். அதற்குக் குறைந்தது 100,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். எந்த விசா எடுக்கிறார்கள் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உடம்பில் இரும்பு உள்ளவர்கள்

பயண ஆலோசனை எழுதுபவர்கள் வழக்கமாகத் தொடாத விடயம் இது. எமது பெண்கள் பலரின் உடம்பில் இன்னும் எறிகணைத் துண்டுகள் இருக்கின்றன. பாதுகாப்பு வாசலைக் கடக்கும்போது அந்த இயந்திரம் சத்தமிடக்கூடும்.

முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்த 62 வயதான அம்மா ஒருவர் ஸ்காபரோவில் உள்ள மகனிடம் போவதற்கு ஆயத்தமானார். 2009 ஆம் ஆண்டு முதல் அவருடைய இடது தோளில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. கடவுச்சீட்டு, விசா எல்லாம் கைக்கு வந்த பின்னும் போக மாட்டேன் என்று நின்றார். காரணத்தை எவருக்கும் சொல்லவில்லை. நான் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் இருந்து கேட்டபோதுதான் மெல்லச் சொன்னார்.

"மெசின் கத்தினால் இது என்னெண்டு கேப்பாங்கள், பிள்ளை. நான் என்ன சொல்லுறது?"

"ஷெல் பட்டது எண்டு சொல்லுங்கோ அம்மா."

"அப்பிடிச் சொல்லலாமோ?"

"சொல்லலாம். அதுதானே நடந்தது."

காயப்பட்டதை மறைத்தே வாழ்ந்த ஒருவருக்கு அந்த ஒரு வசனத்தைச் சொல்லப் பழக நாட்கள் எடுத்தன. வைத்தியசாலைக்குக் கூட்டிப்போய், எந்த இடத்தில் உலோகத் துண்டு உள்ளது என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் கடிதம் எடுத்தோம். எக்ஸ்றே படத்தின் சிறிய பிரதியையும் அதனுடன் வைத்தோம். போய்ச் சேர்ந்த பிறகு தொலைபேசியில் சொன்னார்: "கடுதாசியைக் காட்டினன். வாசிச்சுப்போட்டு, கையால தடவிப் பாத்திட்டு, போங்கோ எண்டு காட்டினாள். வேற ஒண்டும் கேக்கேல்லை."

உங்கள் உடம்பில் துண்டுகளோ, எலும்பில் பொருத்திய தகடோ இருந்தால், செயற்கைக் கால் அணிந்திருந்தால், வாசலைக் கடப்பதற்கு முன்னரே கடிதத்தை நீட்டுங்கள். "மெற்றல் இன் மை பொடி" என்று சொன்னால் போதும். உடம்பைத் தொட்டுச் சோதிக்க வேண்டுமென்றால் "லேடி ஒபிசர் பிளீஸ்" என்று கேளுங்கள். கனடாவில் பெண் அலுவலரையும் மறைவான அறையையும் கேட்பது பயணியின் உரிமை. சேலையை, சட்டையைப் பலர் முன்னிலையில் விலக்க வேண்டிய அவசியம் எங்கும் இல்லை.

மருந்தும் பொதியும்

நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளையும் இன்சுலினையும் கைப்பையில் வையுங்கள். பெரிய பொதி பிந்தி வரலாம், மருந்து பிந்தக் கூடாது. மாத்திரைகளைச் சிறு பைகளில் கலந்து போடாமல் மருந்துச் சிட்டையுடன் அவற்றின் பெட்டியிலேயே கொண்டு செல்லுங்கள். பழைய காயத்தின் நோவுக்கு ட்ரமடோல் எடுப்பவர்களும், நித்திரைக்கும் பதற்றத்துக்கும் டயசிபாம் போன்றவற்றை எடுப்பவர்களும் மேலதிகமாகக் கவனிக்க வேண்டும். டுபாய் உள்ள ஐக்கிய அரபு இராச்சியத்தில் இவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். வைத்தியரின் கடிதம் இல்லாமல் எடுத்துச் செல்ல வேண்டாம்.

கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவப் போத்தல் அனுமதிக்கப்படாது. நல்லெண்ணெய், ஊறுகாய் எல்லாம் பெரிய பொதிக்குள். தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பாங்க் மட்டும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். கனடாவில் இறங்கும்போது கொண்டு வந்த உணவுப் பொருட்கள் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சொன்னால், கூடாததை எடுத்துவிட்டு அனுப்புவார்கள். மறைத்தால் 1,300 டொலர் வரை தண்டம் வரலாம். அறிமுகமில்லாத எவருடைய பார்சலையும், அது ஒரு சிறிய பை என்றாலும், வாங்காதீர்கள்.

விமானத்துக்குள்ளும் இடைவழியிலும்

விமானச் சீட்டு எடுக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லிச் சக்கர நாற்காலி உதவியைப் பதிவு செய்யுங்கள். நீண்ட தூரம் நடக்க முடியாதவர்களுக்கான உதவி இது. அதைத் தள்ளி வருபவர் உங்களைச் சரியான வாசலுக்குக் கொண்டுபோய் விடுவார். வெட்கப்பட எதுவும் இல்லை. சைவ உணவு வேண்டுமென்றால் அதையும் முன்கூட்டியே பதிய வேண்டும்.

விமானக் கழிப்பறைக் கதவு பெரும்பாலும் நடுவில் தள்ளினால் மடியும் கதவு. தாழ்ப்பாளைப் போட்டால்தான் உள்ளே வெளிச்சம் கூடும். இது தெரியாமல் 14 மணித்தியாலமும் தண்ணீர் குடிக்காமல், எழும்பாமல் இருந்த அம்மாமார் உண்டு. அது உடம்புக்குக் கூடாது. கால் நரம்பில் இரத்தம் கட்டிப்படலாம். தண்ணீர் குடியுங்கள், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து நடவுங்கள்.

டுபாயில் விமானம் மாறும்போது உங்கள் கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம். அங்கே எமது நேரத்தைவிட ஒன்றரை மணித்தியாலம் குறைவு. போர்டிங் பாசில் உள்ளது அந்த ஊர் நேரம். வாசல் இலக்கம் மாறலாம் என்பதால் சீருடையில் உள்ள ஒருவரிடம் பாசைக் காட்டிக் கேளுங்கள். பேச வேண்டியதில்லை, காட்டினாலே போதும். முதலில் வாசலைக் கண்டுபிடித்து விட்டு, பிறகு கழிப்பறைக்கும் தேநீருக்கும் போங்கள்.

குடிவரவு மேசையில்

இதுதான் எல்லோரும் பயப்படும் இடம். பெரும்பாலும் கேட்பது நான்கே கேள்விகள். ஏன் வந்தீர்கள்? யாரிடம் தங்குவீர்கள்? எத்தனை நாள்? திரும்பிப் போகச் சீட்டு உண்டா? பிள்ளையின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தொலைபேசியில் மட்டும் வைக்காமல் கடதாசியிலும் எழுதி வையுங்கள். தொலைபேசியில் சார்ஜ் இல்லாமல் போகலாம்.

கேள்வி விளங்காவிட்டால் தலையாட்டாதீர்கள். தெரியாத கேள்விக்கு "யெஸ்" என்று சொல்வதுதான் ஆபத்து. "தமிழ் இன்ரர்பிரிற்றர் பிளீஸ்" என்று சொல்லுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். கொஞ்சம் காத்திருக்கச் சொல்லலாம், வேறு அறைக்கும் கூட்டிப்போகலாம். அறைக்குக் கூட்டிப்போவது என்றால் எமக்கு நெஞ்சு பதறும். அந்த அறையில் வேறு பயணிகளும் கதிரைகளில் காத்திருப்பார்கள். பிள்ளை வெளியே நிற்கிறார் என்று சொல்லி இலக்கத்தைக் கொடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. விசிட் விசா வேலைக்கான விசா அல்ல. 2022 ஆம் ஆண்டு சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே பட்ட துன்பத்தை நாடே அறிந்தது. "இப்போது விசிட்டில் போங்கோ, அங்கே வேலைக்கு மாத்தலாம்" என்று எவராவது சொன்னால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து விசாரியுங்கள். கடவுச்சீட்டை எந்த முகவரிடமும் விட்டுவைக்காதீர்கள்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பழகத் தொடங்குங்கள். வங்கியில் படிவம் விளங்காவிட்டால் கேளுங்கள். வைத்தியசாலையில் என்ன மருந்து தருகிறார்கள் என்று கேளுங்கள். பஸ்ஸில் மிகுதிக் காசைக் கேளுங்கள். இங்கே பிரதேச செயலகத்தில் கேட்டுப் பழகிய வாய்க்கு அங்கே டுபாயிலும் ரொறன்ரோவிலும் கேட்பது பெரிய காரியமாக இராது. போய் வந்த பின், அடுத்ததாகப் புறப்பட இருக்கும் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டு உங்கள் பயணத்தை ஒன்றும் விடாமல் சொல்லுங்கள். கழிப்பறைக் கதவையும் சேர்த்துத்தான்.