கணினிக்கும் ஒரு பிழைதிருத்தம்

பழந்தமிழ் நூற்பதிப்புக்களைப் புரட்டுவோர் அவற்றின் ஈற்றில் 'பிழையும் திருத்தமும்' என்னும் தாளைக் காண்பர். அச்சு முடிந்தபின் கண்ணிற்பட்ட வழுக்களைப் பதிப்பாசிரியர் அத்தாளில் தொகுத்து வாசகர்க்கு அளிப்பர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். அத்துடன் அமையாது மேலும் ஆராய்ந்து, 1907இல் இரண்டாம் பதிப்பை நல்கினார். தமிழ் பயிலும் நாம் இவற்றை நன்கறிவோம். கணினியின் இயங்குதளமும் இவ்வியல்பினதே என்பதைச் சென்ற கோடை விடுமுறையில், விழுப்புரத்தை அடுத்த காணையில், யாம் நேரிற் கண்டோம்.

இயங்குதளத்தை நிறுவுதற்குரிய குறுந்தகடு முதற்பதிப்பைப் போன்றது. அஃது எழுதப்பெற்ற நாளோடு அதன் அறிவு நின்றுவிடும். பின்னர்க் கண்டறியப்பட்ட குற்றங்களைக் களையும் இற்றைப்பாடுகள் அதன்கண் இரா. ஆதலின் பழுதுற்ற கணினியைத் துடைத்துப் பழைய தகட்டினின்று மீண்டும் நிறுவினால், பன்னாள் முயன்று அடைத்த ஓட்டைகள் யாவும் மறுபடியும் திறந்துகொள்ளும். திருத்தம் பெற இணையத்தை அடைதல் வேண்டும். அச்சமின்றி இணையத்தை அடையவோ திருத்தம் முன்னரே இருத்தல் வேண்டும்.

இவ்விடர் வெறுங் கற்பனையன்று. 2003 ஆகஸ்டு மாதம் 'பிளாஸ்டர்' என்னும் புழுநிரல் விண்டோஸ் கணினிகளிற் பரவிற்று. அதனைத் தடுக்குந் திருத்தம் ஜூலையிலேயே வந்திருந்தும், புதிதாய் நிறுவிய கணினிகள் அதனை இறக்கிக்கொள்ளுமுன்னரே புழுவிற்கு இரையாயின. 2004 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் திருத்தங்களைத் தொகுத்த தகட்டை வேண்டுவோர்க்கு விலையின்றி அஞ்சலில் அனுப்பினர். அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த எக்ஸ்பி இரண்டாந் தொகுப்பின் அளவு ஏறக்குறைய 266 மெகாபைட்டு. 56 கிலோபிட்டு வேகமுடைய தொலைபேசி இணைப்பில் அதனை இறக்கப் பத்து மணி நேரத்திற்கும் மேலாகும். சிற்றூரில் வாழ்வோர்க்கு அஞ்சற்காரர் கொணருந் தகடே ஏற்ற வழியாயிருந்தது.

இனி எம் இல்லத்துச் செய்திக்கு வருவோம். 2011இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ் எம் மூத்த தமக்கையார் ஒரு கணினி பெற்றிருந்தார். மாலைதோறும் திண்ணையில் ஊர்ப்பிள்ளைகளுக்கு அவர் பாடஞ் சொல்லுவது அதனைக் கொண்டே. அஃது ஒருநாள் இயங்காதொழிந்தது. நகரத்துக் கடைக்காரர் ஒருவர், "இது தேறாது, புதிது வாங்குங்கள்" என்றார். தமக்கையார் எம்மை நோக்கி, "பிள்ளைகள் சாயங்காலம் வருவார்களே தம்பி, என்ன சொல்லுவேன்?" என்றார். அவ்வொரு சொல்லே எம்மை இம்முயற்சியிற் புகுத்திற்று.

அக்கணினியிலிருந்த விண்டோஸ் ஏழாம் பதிப்பிற்குத் திருத்தம் வழங்குதல் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு முடிவுற்றது. பதிப்பாசிரியர் கைவிட்ட நூலை எத்தகடு கொண்டு திருத்துவது? அதனுடன் வந்த 'பாஸ்' என்னும் இயங்குதளமோ, சென்னைச் சி-டாக் நிறுவனத்தார் டெபியன் லினக்ஸை அடியாகக் கொண்டு அமைத்தது. அந்த டெபியனையே நாடினோம். அதனை ஆக்குவோர் அவ்வப்போது திருத்தங்களைச் சேர்த்துப் புதிய தகட்டுப் படிமங்களை வெளியிடுவர். எவரும் படியெடுத்துப் பிறர்க்கு ஈயலாம்.

ஒரு டிவிடிப் படிமம் நான்கு கிகாபைட்டை நெருங்கும். எம் வீட்டுக் கைப்பேசிக்கு நாளொன்றுக்குக் கிட்டுவதோ ஒன்றரைக் கிகாபைட்டு. அதனையும் நால்வர் பகிர்தல் வேண்டும். ஆகவே விடுதி நண்பர் ஒருவர் கல்லூரியில் அதனை இறக்கி, தகட்டில் எழுதித் தந்தனர். எழுதுமுன் அவர் செய்த ஒரு செயல் எம் நெஞ்சைக் கவர்ந்தது. ஒவ்வொரு படிமத்திற்கும் எண்ணும் எழுத்துமாய் 64 குறிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புக் குறியீட்டை வெளியிட்டோர் அளித்துளர். படிமத்தில் ஒரு புள்ளி மாறினும் அக்குறியீடு முற்றும் வேறாகும். ஏட்டை மூலத்தோடு ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பார்போல, நண்பர் குறிகளை ஒவ்வொன்றாக ஒப்புநோக்கினர். அன்றியும், எழுதி முடித்த அத்தகட்டில் நோயுற்ற கணினி எதனையும் எழுத இயலாது. நோயாளியினின்று மருந்திற்கு நோய் தொற்றாமை தகட்டின் தனிச்சிறப்பாம்.

காணையில் ஒரு பிற்பகலில், இணையத்தின் துணையின்றியே நிறுவல் நிறைவெய்திற்று. தகட்டின் பின் வெளிவந்த சில்லறைத் திருத்தங்கள் கைப்பேசியின் அன்றாட அளவினுள் அடங்கின. மாலை விளக்கேற்றுமுன் பிள்ளைகள் திரையைச் சூழ்ந்தனர்.

தகடும் மூப்படையும் என்பதை மறத்தலாகாது. 2004இன் அஞ்சற்றகட்டில் 2003 அக்டோபர் வரையிலான திருத்தங்களே இருந்தன. 2017 மே 12இல் 'வான்னாக்ரை' பல நாடுகளைக் கலக்கியபோது அதற்குரிய திருத்தம் மார்ச்சு 14இலேயே வெளிவந்திருந்தது; கைக்கொள்ளாதாரே பெரிதும் அல்லலுற்றனர். திருத்தம் பிறந்தால் மட்டும் போதாது, உரியவர் கையைச் சேர்தலும் வேண்டும். விழுப்புரத்திலே குனூ லினக்ஸ் பயனர் குழுவினர் மாணாக்கர்க்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்பித்து வருகின்றனர். அத்தகையோர் எவ்வூரிலும் மிகுதியாய் இலர். எனவே, விடுமுறைக்கு ஊர் செல்லும் தோழர்காள், உங்கள் பெட்டியில் ஒரு புதிய தகட்டிற்கும் இடந்தருக. இங்கு நமக்கு எளிதிற் கிடைப்பது, அங்கே யாரோ ஒருவர்க்கு மூடிய பள்ளியைத் திறக்கும்.