விழுந்ததை எழுதவில்லை

முதுநிலைப் பல் மருத்துவப் படிப்புக்காக நான் எழுதிய தீசிஸில் ஒரு பொய் இருக்கிறது. வந்த எண்களில் எனக்குப் பிடிக்காதவற்றை எழுதாமல் விட்டேன்.

லித்தியம் டைசிலிகேட் செராமிக்கில் இரண்டு ரெசின் சிமெண்டுகளில் எது உறுதியாக ஒட்டுகிறது என்பதே ஆய்வு. செராமிக் துண்டைத் தேய்த்துச் சமமாக்கி, 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை 20 விநாடி வைத்துக் கழுவ வேண்டும். அமிலம் கண்ணாடிப் பகுதியைக் கரைத்து நுண்பள்ளங்களை உண்டாக்கும். அதன்மேல், சிமெண்ட் பிடிக்க உதவும் சிலேன் திரவத்தைத் தடவி, 3 மில்லிமீட்டர் விட்டத்தில் சிமெண்ட் உருளையை ஒட்டுவோம். பிறகு 5 டிகிரி, 55 டிகிரித் தொட்டிகளில் மாற்றி மாற்றி முக்க வேண்டும். வாய்க்குள் ஐஸ்கிரீமும் காபியும் மெல்ல மெல்லச் செய்வதை இந்தத் தொட்டிகள் சீக்கிரம் செய்துவிடும். கடைசியில் மெஷினில் பொருத்தி, ஒட்டிய இடம் பெயரும்வரை அழுத்துவோம். அந்தச் சின்ன வட்டம் 20 மெகாபாஸ்கல் தாங்கினால், ஏறக்குறைய 14 கிலோ எடையைத் தாங்கியதாக அர்த்தம்.

மெஷின் சென்னையில் இருந்தது. பாண்டியிலிருந்து கிளம்புவதற்கு முன் தொட்டியைத் திறந்தபோது, நான் ஜெயிக்கும் என்று நம்பிய சிமெண்டின் உருளைகள் சில, யாரும் தொடாமலேயே கழன்று அடியில் கிடந்தன.

மெஷினுக்குப் போகாமல் விழுந்ததும் ஒரு முடிவுதான். அதைப் பூஜ்யமாக எடுப்பவர்களும் உண்டு, வேறு வழியில் கணக்கிடுபவர்களும் உண்டு. எப்படி எடுத்தாலும், எத்தனை விழுந்தன என்பதை எழுதியாக வேண்டும். நான் அவற்றைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாகச் செய்து எண்ணிக்கையை நிரப்பினேன். "எல்லாம் சரியா வந்ததா?" என்று கைடு கேட்டார். "வந்துடுச்சு சார்" என்றேன்.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. முதலில் பயன்படுத்திய சிலேன் பாட்டில் கலங்கியிருந்தது. கலங்கினால் எறிந்துவிட வேண்டும் என்று தெரிந்தும், செலவை நினைத்து அதையே தடவினேன். விழுந்தவற்றுக்குப் பதிலாகச் செய்தவற்றுக்கு மட்டும் புதுப் பாட்டிலைத் திறந்தேன். அதனால் அந்த ஒரு சிமெண்டுக்கு மட்டும் நல்ல சிலேன் கிடைத்தது. அந்த நிமிடமே ஒப்பீடு செத்துவிட்டது. அது தெரிந்தேதான் அட்டவணையை அச்சடித்தேன்.

பிறகு மிஷன் வீதிக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்தபோது, என் அட்டவணையைக் காட்டியே அந்தச் சிமெண்டை வாங்கினேன். முத்தியால்பேட்டையிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு முன்பல்லில் வெனீர் ஒட்டினேன். சில மாதங்களில் அது கழன்றுவிட, கைக்குட்டையில் மடித்து எடுத்து வந்தார். வெனீரின் உட்புறம் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தது. சிமெண்ட் முழுவதும் பல்லில் தங்கியிருந்தது. பிடிப்பு விட்ட இடம் செராமிக்கும் சிமெண்டும் சேருமிடம், அதாவது நான் சோதித்ததாகச் சொன்ன அதே இடம். பார்த்ததுமே எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு: "என்னம்மா, கெட்டியா எதையாவது கடிச்சீங்களா?"

"முறுக்கு கடிச்சேன் டாக்டர். என் தப்புதான்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுபடி ஒட்டுவதற்குப் பணமும் வாங்கிக்கொண்டேன்.

ஜூனியர்கள் என் எண்களை வைத்துத் தங்கள் ஆய்வைத் திட்டமிடுகிறார்கள் என்று அண்மையில் தெரிந்தபோதுதான் பழைய நோட்டை எடுத்தேன். விழுந்தவற்றைப் பூஜ்யமாகச் சேர்த்தால், சிறந்தது என்று நான் எழுதிய சிமெண்ட் முந்தவே இல்லை. கைடிடம் நேரில் சொன்னேன். நூலகப் பிரதியில் இந்த உண்மையைச் சொல்லும் குறிப்பைச் சேர்க்கும்படி கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்த அம்மாவை வரவழைத்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, முறுக்கால் கழன்றதல்ல என்றும் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்; பயந்துவிட்டேன்.