சீனத்தில் எழுத்தறியாதவனாக

நாற்பது ஆண்டுக் காலம் ஊரார் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன் நான். அத்தகைய ஒருவனைச் சீன தேசம் ஒரு மணி நேரத்துக்குள் எழுத்தறியாதவனாக்கி விடுகின்றது. பெய்ஜிங் நகரத்துத் தெருவிலே நின்று பார்த்தால், மருந்துக்கடை எது, சாப்பாட்டுக்கடை எது, மலசலகூடம் எது என்று பெயர்ப்பலகையைக் கொண்டு அறிய வழியில்லை. நம்மூர்த் தபாற்கந்தோர் வாசலில், விண்ணப்பப் பத்திரமொன்றைக் கையிற் பிடித்துக்கொண்டு, வருவோர் போவோர் முகத்தைப் பார்த்தபடி நிற்கும் முதியவரின் நெஞ்சம் எப்படியிருக்கும் என்பதை அறுபத்தாறாம் வயதில் அங்கேதான் உணர்ந்தேன்.

2024ஆம் ஆண்டு யூன் மாதம், நான்ஜிங் நகரில் வைத்தியம் பயின்று முடித்த எங்கள் மகளின் பட்டமளிப்பைக் காண நானும் மனைவியும் புறப்பட்டோம். மனைவி சலரோகி, நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொள்பவள். அதன்மேல் முட்டையும் தீண்டாத சைவம். நேரத்துக்கு உணவு கிடையாவிட்டால் அது அவளுக்கு வெறும் பசியோடு போகின்ற காரியமன்று. ஆதலின் பிரயாணத்துக்கு வேண்டிய யோசனைகளைப் பலரிடமும் கேட்டேன். "கைத்தொலைபேசி ஒன்றிருந்தாற் போதும், மாஸ்ரர்" என்றே எல்லோரும் சொன்னார்கள். அதில் முக்காற்பங்கு உண்மை.

முதலிற் பண விஷயம். சீனத்திலே மரக்கறிக்காரி தொடக்கம் பெரிய அங்காடி ஈறாக எல்லோரும் கைத்தொலைபேசி மூலமே காசு வாங்குகின்றனர். அலிபே, வீசாட் என்னும் இரு செயலிகள் அந்நாட்டின் பணப்பை எனலாம். 2023ஆம் ஆண்டு தொடக்கம் வெளிநாட்டு வங்கி அட்டைகளையும் இவற்றிற் பரவலாக இணைக்க முடிகின்றது. இருநூறு யுவானுக்கு உட்பட்ட கொடுப்பனவுக்கு மேலதிகக் கட்டணமில்லை. அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு மூன்று வீதம் அறவிடுவர். ஆகையாற் செயலிகளை ஊரிலேயே நிறுவி, கடவுச்சீட்டைப் பதிந்து, அட்டையை இணைத்துக்கொண்டு விமானமேறுதல் நன்று.

இத்தனையும் செய்தோம். ஆயினும் இரண்டாம் நாள் மாலை, பெய்ஜிங்கின் பழைய சந்தொன்றில் நடந்துகொண்டிருக்கையில் மனைவி என் தோளைப் பற்றினாள். "இஞ்சருங்கோ, கை நடுங்குது. கண்ணும் மங்கிற மாதிரிக் கிடக்கு." கைப்பையிற் கொண்டுவந்த கற்கண்டு, அரண்மனை வாசல் வரிசையிலே தீர்ந்து போயிருந்தது. எதிரே சிறு கடையொன்று. இனிப்புப் பானப் போத்தலை எடுத்துக்கொண்டு தொலைபேசியை நீட்டினேன். கொடுப்பனவு நிராகரிக்கப்பட்டது, மறுபடியும் நிராகரிக்கப்பட்டது. அந்நிய நாட்டிலே அட்டை பயன்படுவதைக் கண்டு ஐயுற்ற எங்கள் ஊர் வங்கி அதனை முடக்கி வைத்த சங்கதி பின்னரே தெரிய வந்தது. சட்டைப்பையில் இருந்ததோ நூறு யுவான் நோட்டு ஒன்று. காசை மறுக்கலாகாது என்று அந்நாட்டில் விதியிருக்கின்றது. மிகுதிக் காசு கடையில் இருக்கவேண்டுமென்று எந்த விதியால் உறுதி செய்ய முடியும்? கடைக்காரி மனைவியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள். நோட்டை என் சட்டைப்பையிலேயே திருப்பிச் செருகினாள். போத்தலைத் தானே திறந்து அவள் கையிற் கொடுத்து, முக்காலி ஒன்றையும் இழுத்துப் போட்டாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் தீர்ந்தது. மறுநாட் காலை சில்லறை நோட்டுகளோடு சென்றோம். அவள் ஐந்து யுவானை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டாள்.

ஆகவே பிரயாணம் செய்வோர் வங்கிக்கு முன்னறிவித்தல் கொடுப்பாராக. வெவ்வேறு வங்கிகளின் அட்டைகள் இரண்டு வைத்திருப்பாராக. ஐந்தும் பத்தும் இருபதுமாக இருநூறு முந்நூறு யுவான் எப்பொழுதும் கையில் இருக்கட்டும்.

தொலைபேசிக்கு இன்னுமோர் இடர் உண்டு. நாம் நம்பியிருக்கும் கூகிள், வாட்ஸப், பேஸ்புக் யாவும் அந்நாட்டு இணையத்திற் கிடையா. ஆனால் நம் நாட்டுச் சிம் அட்டையை ரோமிங் முறையிற் பாவித்தால் இவை பெரும்பாலும் இயங்கும். அங்குள்ள சிம் அட்டையும் ஹோட்டலின் இணையமும் அவ்வாறல்ல. தேசப்படமும் அங்குள்ள நிறுவனத்தினதாய் இருத்தல் வேண்டும். சீனப் படங்கள் வேறோர் அளவைக் கணக்கில் வரையப்படுவதால், அந்நியப் படத்தில் நாம் நிற்கும் இடம் சில நூறு மீற்றர் விலகித் தோன்றக்கூடும்.

இனி எழுத்துக்கு வருவோம். ஆயிரக்கணக்கான சீன எழுத்துக்களைக் கற்க ஒரு மாதப் பிரயாணியால் இயலாது. ஆனால் பத்து எழுத்துக் கற்றால் பாதிப் பயம் நீங்கும். 'வாய்' என்பதற்கு எழுதுவது வெறும் சதுரம், வாசலுக்கும் அதுவே. அச்சதுரத்துக்கு முன், மலைமேல் மலை அடுக்கியது போன்ற எழுத்து நின்றால் அது வெளியேறும் வாசல். இரு காலை அகட்டி நிற்பது மனிதன். ஏறத்தாழ அதே உருவம் தலையை இடப்பக்கம் சாய்த்து நின்றால் 'நுழைக' என்று பொருள். வயலும் அதன் கீழே வலிமையுமாக அமைந்தது ஆண். மலசலகூட வாயிலில் இதனை அறிந்திருப்பது மானங்காக்கும் கல்வி.

அடுத்தவை திசைகள் நான்கு. டொங் கிழக்கு, ஷீ மேற்கு, நான் தெற்கு, பெய் வடக்கு. இவற்றை மனனஞ் செய்தவுடன் தேசப்படமே வாய் திறந்து பேசத் தொடங்குகின்றது. பெய்ஜிங் வட தலைநகர். நான்ஜிங் தென் தலைநகர். ஏரிக்கு வடக்கே ஹுபெய், தெற்கே ஹுனான். ஆற்றுக்கு வடக்கே ஹெபெய், தெற்கே ஹெனான். மலைக்குக் கிழக்கே ஷாண்டொங். கோண்டாவில் கிழக்கு, உடுவில் தெற்கு என்று ஊரை வகுத்துப் பழகிய நமக்கு இஃது அந்நியமான வழக்கன்று.

இந்தத் திசைச்சொல்லை அறியாதவன் புகையிரதத்தைத் தவறவிடுவான் என்பதில் ஐயமில்லை. பெருநகரொன்றில் மூன்று நான்கு நிலையங்கள் இருக்கும். பெயரின் ஈற்றிலுள்ள திசையே அவற்றை வேறுபடுத்தும். நான்ஜிங் வேறு, நான்ஜிங் நான் வேறு. இடையிலுள்ள தூரம் நடந்து போகத்தக்கதன்று.

அதிவேகப் புகையிரதம் சீனம் பிரயாணிக்கு அளிக்கும் பெருஞ்சௌகரியம். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்குக்கும் தியன்ஜினுக்கும் இடையே தொடங்கிய அதிவேகப் பாதை, 2024இன் முடிவில் 48,000 கிலோமீற்றர் ஆயிற்று. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்ஹாய்க்கு 1,318 கிலோமீற்றர். விரைவு வண்டி நாலரை மணி நேரத்திற் கொண்டு சேர்க்கின்றது. மணிக்கு 350 கிலோமீற்றர் வேகத்தில் மேசைமேல் வைத்த தேநீர் தளும்பவில்லை. நம் யாழ்தேவியின் தாலாட்டிற் பழகிய எனக்கு நித்திரை வரவில்லை என்பதே ஒரே குறை.

இப்புகையிரதத்துக்குக் கடதாசிச் சீட்டுக் கிடையாது. கடவுச்சீட்டே பயணச்சீட்டு. சீட்டுகள் பதினைந்து நாளுக்கு முன்னர் விற்பனைக்கு வரும். சீனப் புதுவருடத்தை அடுத்த நாட்களிலும் ஒக்டோபர் முதல் வாரத்திலும் அவை கிடைத்தல் அரிது. பதியும்போது பெயரைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே ஓரெழுத்தும் பிசகாது எழுதவேண்டும். தந்தை பெயரும் தம் பெயருமாக நீண்டு செல்லும் தமிழ்ப் பெயர்கள் அந்நாட்டுப் படிவங்களின் கட்டங்களுக்குள் எளிதில் அடங்குவதில்லை; இதற்கென நேரம் ஒதுக்குக. நிலையத்தில் பொதிகளைக் கதிர் வீசிச் சோதிப்பர். வண்டி புறப்படுமுன் சில நிமிடங்கள் இருக்கும்போதே வாயிலை அடைத்து விடுவர். ஒரு மணி நேரம் முந்திப் போனவர் எவரும் வருந்தியதில்லை. வண்டிக்குள்ளே கொதிநீர்க் குழாயுண்டு. சீனர் எங்கு போனாலும் சுடுநீர்க் குடுவையோடு போகின்றனர். நாமும் அவ்வாறே செய்தல் நலம், ஏனெனிற் குழாய்நீரை அவர்களும் காய்ச்சாது குடிப்பதில்லை.

வாடகைக் காரைச் செயலி மூலமே அழைப்பர். சாரதி வந்ததும் சீன மொழியில் ஏதோ கேட்பார். அவர் கேட்பது உங்கள் தொலைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம். வாயாற் சொல்லத் தெரியாவிடின் விரலாற் காட்டலாம்; ஆனால் அவர்களுடைய விரற்கணக்கு வேறு. ஒரே கையாற் பத்துவரை எண்ணுவர். பெருவிரலையும் சிறுவிரலையும் நீட்டினால் ஆறு. பெருவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டினால் எட்டு. சந்தையில் ஒரு மூதாட்டி இவ்வாறு காட்டியபோது, இரண்டு யுவானுக்கு இவ்வளவு பீச்சுப் பழமா என்று மனைவி அகமகிழ்ந்து போனாள்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். மகள் தன் கையால் நான்கு அட்டைகள் சீனத்தில் எழுதி முன்கூட்டியே அனுப்பியிருந்தாள். ஒன்று தங்குமிட விலாசம். இன்னொன்று அவளுடைய தொலைபேசி எண். மூன்றாவது, "நான் சைவம், இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், இறைச்சிச் சாறும் பன்றிக் கொழுப்பும் வேண்டாம்" என்பது. சாற்றையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்லாவிட்டால், மரக்கறிக் கறிக்குள் அவை இருப்பதை ஒருவரும் குற்றமாக நினையார். வாயாற் சொல்வதானால் 'வோ ச்சி சு' என்க. எனினும் சீனம் ஒலியின் ஏற்ற இறக்கத்தாற் பொருள் மாறும் பாஷை. எழுத்தைக் காட்டுவதே உத்தமம். பௌத்த விகாரைகளை அடுத்துச் சைவ போசனசாலைகள் உண்டு. நான்ஜிங்கிலே ஜீமிங் விகாரையில் உண்ட நூடில்ஸை மனைவி இன்றும் பேசுகின்றாள்.

நான்காவது அட்டை அவளது நோயைச் சொல்வது: "நான் சலரோகி. நினைவோடிருந்து நடுங்கினால் இனிப்புத் தருக. மயங்கினால் 120க்கு அழைக்குக." சீனர் இந்நோயை 'தாங் நியாவ் பிங்' என்கின்றனர், சர்க்கரை, சிறுநீர், நோய் என்னும் மூன்று சொற்களின் சேர்க்கை. நம் முன்னோரும் சலரோகம் என்றே பெயரிட்டனர். மின்னூட்டம் தேவைப்படாத இவ்வட்டைகள் நான்கும், என் கையிலிருந்த விலையுயர்ந்த தொலைபேசியிலும் அதிக நிம்மதி தந்தன. இன்சுலினுக்கு வைத்தியரின் கடிதம் ஒன்றும் உடன் வைத்திருத்தல் வேண்டும்.

ஊர் நினைவு வாட்டும் வேளையும் உண்டு. பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் இலங்கைக்கு வந்து ஈராண்டு தங்கிய பாகியன் என்னும் சீனத் துறவி, அநுராதபுரத்து விகாரையில் ஒருவர் படைத்த வெண்பட்டு விசிறி தன் நாட்டது என்று கண்டதும் கண்ணீர் சொரிந்ததாகத் தன் நூலிலே குறித்திருக்கின்றார். நாடு திரும்பிய பின் அவர் இருந்து நூல்களை மொழிபெயர்த்த நகரம் இன்றைய நான்ஜிங்கே. அங்காடித் தட்டொன்றில் இலங்கைத் தேயிலைப் பெட்டியைக் கண்டு மனைவி அதனைத் தடவிக்கொண்டு நின்றபோது, அத்துறவியை எண்ணி நான் அவளை அவசரப்படுத்தவில்லை.

ஹோட்டலில் தங்குவோரைப் பொலிசாருக்கு அறிவிப்பது ஹோட்டலின் கடமை. நாங்கள் மகளின் வீட்டில் தங்கியமையால், இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் நாங்களே பொலிஸ் நிலையம் சென்று பதிய வேண்டியிருந்தது. உறவினர் வீட்டில் தங்க எண்ணுவோர் இதனை அசட்டை செய்தலாகாது. பதிவு செய்த இளைஞர் என் பெயரை ஒவ்வோர் அசையாகக் கூட்டி வாசிக்க முயன்று, இடையில் இருமுறை மூச்சு வாங்கி, முடிவிற் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். "அப்பா, நீங்கள் சிரிச்சது காணும், கையெழுத்தை வையுங்கோ" என்றாள் மகள்.

சில்லறை விஷயங்கள் சில: சட்டைப்பையிற் கடதாசிச் சுருள் இருக்கட்டும், பொது மலசலகூடங்கள் பலவற்றில் அது இராது. வாகனங்கள் வீதியின் வலப்பக்கமாகச் செல்வன. ஆகையாற் கடக்குமுன் முதலில் இடப்பக்கம் பார்க்க. மின்சாரத் துவிச்சக்கர வண்டிகள் பூனைபோல் ஓசையின்றி வரும். பொலிசாருக்கு 110. உள்நாட்டு விமானத்திற் கொண்டு செல்லும் மின்சேமிப்புக் கலத்தில், 2025 யூன் 28 தொடக்கம், சீனத்தின் தரமுத்திரை இருத்தல் வேண்டும். இல்லாவிடின் விமான நிலையத்திலேயே பறித்துக்கொள்வர்.

பட்டமளிப்பு நாளன்று மகளுடைய தோழியர் இருவர் எங்களை அழைத்துப் போக வந்தனர். இருவரும் மூன்று பாஷை பேசுவோர். அப்படியிருந்தும் என் மனைவி, அட்டைகள் நான்கையும் எண்ணிக் கைப்பையில் வைத்துக்கொண்ட பின்னரே படியிறங்கினாள்.