முதுகும் நீலப் பட்டையும்

முதுகு காட்டுவது என்றால் நம்மவர்களுக்குப் பொல்லாத அவமானம். சங்க காலத்துத் தாய்மார்கள் மகன் போரில் மாண்டான் என்ற செய்தியைக்கூடத் தாங்கிக்கொள்வார்களாம். புண் மார்பிலா, முதுகிலா என்பதுதான் அவர்களுடைய விசாரம். ஆனால் 2012-ஆம் வருஷம் ஜூன் 28-ஆம் தேதி வார்ஸா நகரத்தில் ஓர் ஆசாமி உலகத்துக்கே முதுகைக் காட்டினார். உலகமும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியின் அரை இறுதி ஆட்டம். இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் பலப் பரீட்சை. இத்தாலியின் மாரியோ பாலோடெல்லி இரண்டாவது கோலையும் போட்டார். போட்ட கையோடு, இல்லை, போட்ட காலோடு, சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயில் துவாரபாலகர் மாதிரி அசையாமல் நின்றார். முன்னால் இருந்தவர்களுக்கு அவருடைய தோளும் மார்பும் தரிசனமாயின. பின்னால் இருந்த காமிராக்களுக்கு அகப்பட்டது வேறு. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகின் கீழ்ப்பாகத்தில், மூன்று நீலப் பட்டைகள்.

அந்தப் பட்டைதான் இங்கே விஷயம்.

என் இளமையில் முதுகு பிடித்துக்கொண்டால் பெல்லடோனா பிளாஸ்திரி ஒட்டுவார்கள். அதில் மருந்து உண்டு. உரிக்கும்போது பாதித் தோலும் கூட வருவது உண்டு. இந்தப் புதுப் பட்டையில் மருந்து கிடையாது. பருத்தித் துணி, ரப்பர் மாதிரி இழுபடும், பின்புறம் பசை அலை அலையாகத் தடவியிருக்கும். கென்ஸோ காஸே என்ற ஜப்பானிய வைத்தியர் 1970-களில் கண்டுபிடித்தார். கொஞ்சம் இழுத்து ஒட்டினால் பட்டை தன் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்க்கும், தோலையும் மடிப்பு மடிப்பாகத் தூக்கும், அடியில் இடம் உண்டாகும், ரத்தமும் நிணநீரும் தாராளமாக ஓடும், வலி குறையும் என்பது சித்தாந்தம். 2008-இல் பீஜிங் ஒலிம்பிக்ஸில் கெர்ரி வால்ஷ் என்ற அமெரிக்க வீராங்கனை தோளில் கறுப்புப் பட்டையோடு மணலில் வாலிபால் ஆடிய பிறகு, பட்டையின் புகழ் எங்கேயோ போய்விட்டது.

என் முதுகுக்கும் அந்தப் பாக்கியம் கிடைத்தது. நாவல் எழுதுகிறவனுக்குக் கையைவிட முதுகுதான் முக்கியமான கருவி என்பது கருவி கெட்ட பிறகுதான் தெரிகிறது. கதாநாயகியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டு நான் பத்து நாள் படுத்திருந்தேன். பாவம், அவள் குடத்தைக்கூட இறக்கவில்லை. பிறகு ஒரு பிஸியோதெரபிஸ்ட் பெண் வந்து முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் நீலப் பட்டையை ஒட்டினாள். உடனே சுகமாக இருந்தது. ஒட்டி முடிப்பதற்குள் சுகம் வந்ததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"இது உள்ளே என்னம்மா செய்கிறது?" என்று கேட்டேன்.

"உள்ளே என்ன செய்கிறது என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன், ஸார். ஆனால் இது இருந்தால் நீங்கள் குனியப் பயப்பட மாட்டீர்கள். நீங்கள் குனிந்தால்தான் நான் அடுத்த வேலையைப் பார்க்கமுடியும்" என்றாள்.

இவ்வளவு நேர்மையான பதிலை வைத்தியத் துறையில் நான் அதிகம் கேட்டதில்லை. நிற்க.

தோலுக்கு மேலே ஒட்டிய துணி, தோலையும் கொழுப்பையும் தாண்டி உள்ளே கிடக்கும் தசையை மாற்றுகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? வலி குறைந்ததா என்று கேட்டால், கேட்கிறவரின் முகம் கோணக்கூடாது என்று நாலில் மூன்று பேர் "கொஞ்சம் தேவலை" என்போம். தசைக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஆகையால் தசையையே நேரில் பார்க்கப் புறப்பட்டார்கள்.

அதற்குக் கிடைத்த முதல் கண் அல்ட்ராசவுண்ட். அதன் பிறப்பே ஒரு கதை. கிளாஸ்கோ நகரத்துப் பிரசவ வைத்தியர் இயன் டொனால்ட், கொதிகலன் செய்கிற தொழிற்சாலையில் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அலையை அனுப்பிப் பார்க்கும் கருவியைக் கண்டார். இரும்பின் வயிற்றைப் பார்க்கும் கருவி மனுஷ வயிற்றைப் பார்க்காதா என்று தோன்றியது. 1958-இல் கட்டுரை வெளிவந்தது. இன்று பிறக்கப் போகிற குழந்தையின் முகத்தை அப்பா பையில் வைத்துக்கொண்டு திரிகிறார்.

அதே கருவியை முதுகில் வைத்தால் தசையின் பருமன் தெரியும். ஆனால் பட்டை தசையைத் தளர்த்துகிறதா, இறுக்குகிறதா என்பது பருமனில் தெரியாது. அதற்கு இன்னொரு யுக்தி. மிருதங்க வித்வான் வாரை இறுக்கிவிட்டுத் தட்டிப் பார்க்கிறாரே, கிட்டத்தட்ட அதுதான். ஒலிக்கற்றையால் தசைக்குள்ளே ஓர் இடத்தை மெல்லத் தள்ளுகிறார்கள். குளத்தில் கல் விழுந்தாற்போல் அங்கிருந்து ஒரு சிற்றலை பக்கவாட்டில் பரவுகிறது. உடம்புக்குள் சாதாரண ஒலி விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் ஓடும். இந்தச் சிற்றலையோ விநாடிக்குச் சில மீட்டர்தான் நடக்கும். விநாடிக்கு ஆயிரக் கணக்கில் படம் எடுத்து அதன் நடையைக் கணக்கிடுகிறார்கள். வேகமாகப் போனால் தசை இறுக்கம். மெதுவாகப் போனால் தளர்ச்சி. திரையில் அதுவே சிவப்பும் நீலமுமாக வர்ணம் காட்டும்.

கேட்க எளிதாக இருக்கிறது. செய்கிறவர்கள் படும் பாடு வேறு. அல்ட்ராசவுண்டுக்குக் காற்று ஜன்ம விரோதி. அதனால்தான் பசையைத் தடவிவிட்டுப் பார்க்கிறார்கள். நம் பட்டையோ துணி, இழைக்கு இழை காற்று. அதன் மேலே கருவியை வைத்தால் படம் மங்கும். பட்டைக்குப் பக்கத்தில் வைத்தால் பட்டையின் அடியில் நடப்பது தெரியாது. உரித்துவிட்டு வைத்தால் பட்டையே இல்லை! போதாததற்கு, கருவியைச் சற்று அழுத்தினாலே தசை இறுகிவிடும். நார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே பிடித்தால் வேறு எண் வரும். படுத்திருப்பவர் மூச்சை அடக்கினால் இன்னொரு எண். ஆகவே, "பட்டை ஒட்டியவுடன் தசை இளகியது" என்று யாராவது வர்ணப் படத்தைக் காட்டினால், பிடித்த கை யாருடையது, அவருக்குப் பட்டை இருந்த சங்கதி தெரியுமா என்று கேட்பது நல்லது.

எம்.ஆர்.ஐ. யந்திரத்துக்குத் துணி தடையில்லை. இஸ்தான்புல் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. ஆரோக்கியமான ஐந்து பெண்களின் காலில், முழந்தாளுக்குக் கீழே முன்பக்கத் தசையின் மேல் பட்டையை ஒட்டி, ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து ஒப்பிட்டார்கள். பட்டையின் அடியில் தோல் அசைந்திருந்தது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஆழத்திலும், பட்டைக்குச் சம்பந்தமே இல்லாத தூரத்துத் தசைகளிலும்கூட அசைவு இருந்தது. ஓரிடத்தில் நீட்சி, இன்னோரிடத்தில் சுருக்கம். சித்தாந்தம் சொன்ன ஒழுங்கைக் காணோம். பட்டை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சொன்னதைச் செய்தது என்றும் சொல்ல முடியாது. நம் வீட்டு வேலைக்கார முனியன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் என்பது சின்னக் கணக்கு, காலும் முதுகல்ல. மூச்சு விடும்போதெல்லாம் முதுகு அசைகிறது. அதைப் படம் பிடிப்பது இன்னும் சங்கடம்.

படத்தை விட்டு மனிதர்களிடம் வந்தால் விடை சுருக்கமாக இருக்கிறது. பிரேஸில் தேசத்தில் நாட்பட்ட முதுகுவலிக்காரர்கள் 148 பேரை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேருக்கு இழுத்து ஒட்டி மடிப்பு உண்டாக்கினார்கள். மீதிப் பேருக்கு இழுக்காமல் சும்மா ஒட்டினார்கள். 2014-இல் முடிவு வந்தது. நாலு வாரத்தில் இரண்டு கூட்டத்துக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தது. ஹாங்காங்கில் இன்னும் சாமர்த்தியம் செய்தார்கள். முப்பது பேரின் கண்ணைக் கட்டி, "தசையை அளக்கும் கருவியை ஒட்டுகிறோம்" என்று பொய் சொல்லித் தொடையில் பட்டையை ஒட்டினார்கள். பட்டை என்று தெரியாதபோது காலுக்கு ஒரு துளி பலமும் கூடவில்லை.

இதோடு விட்டிருந்தால் நானும் பட்டையை உரித்துப் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்திருப்பேன். ஆனால் பிரிஸ்பேனில் ஜூலி ஹைட்ஸும் அவருடைய சகாக்களும் செய்த காரியத்தைப் படித்த பிறகு அப்படி விட முடியவில்லை. அதில் பட்டையே இல்லை. முதுகெலும்பை ஒட்டி எலும்புக்கு எலும்பு பின்னிக்கொண்டு போகும் 'மல்டிஃபிடஸ்' என்ற தசையை அவர்கள் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். முதல் தடவையாக முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கு, வலிக்கிற பக்கத்தில், வலிக்கிற மட்டத்தில், அந்தத் தசை இளைத்திருந்தது. பிறகு 39 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம். மறு பாதிக்கு அந்தத் தசைக்கென்றே தனிப் பயிற்சி. நாலு வாரத்தில் இரு தரப்பிலும் அநேகமாக எல்லோருக்கும் வலி போய்விட்டது. ஆனால் பயிற்சி செய்யாதவர்களின் தசை பத்தாவது வாரத்திலும் இளைத்தபடியே கிடந்தது. வலி போனது, தசை வரவில்லை! முதல் வருஷத்துக்குள் அவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு வலி திரும்பி வந்தது. பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குத்தான்.

இதைப் படித்தபோது எனக்கு என் முதுகு ஞாபகம் வரவில்லை. எங்கள் தெருவிலிருக்கும் சமையல்கார நண்பரின் முதுகுதான் ஞாபகம் வந்தது. கல்யாணச் சமையல். ஆயிரம் பேருக்குச் சாதம் வடிக்கிறவர். முகூர்த்த மாதத்தில் நாலு நாள் படுத்தால் அந்த வருஷத்துப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாது. மருந்துக் கடையில் பட்டையை வாங்கி, மகனை விட்டு ஒட்டச் சொல்லி, வலி மட்டுப்பட்டதும் அண்டாவைத் தூக்கப் போய்விடுவார். மூன்று மாதத்தில் மறுபடியும் பிடிக்கும், மறுபடியும் பட்டை. எனக்கு வலி போனால் நாற்காலியில் உட்காருவேன். அவருக்கு வலி போனால் இளைத்த தசையின் மேல் அண்டா ஏறும்.

அவரிடம் பிரிஸ்பேன் கதையைச் சொன்னேன். 84-ஐயும் 30-ஐயும் சொன்னேன். சுண்டலுக்குக் கடலை ஊறிவிட்டதா என்று பார்க்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, வலியே இல்லாதப்போ வைத்தியம் பண்ணச் சொல்றீங்க."

"ஆமாம் தம்பி, அதைத்தான் சொல்கிறேன்."

"வலிக்கிறப்பவே எனக்கு நேரமில்லை" என்றார். இருந்தாலும் அந்தப் பிஸியோதெரபிஸ்ட் பெண்ணிடம் போனார். பசுமாடு மாதிரி நாலு காலில் நின்று வலது கையையும் இடது காலையும் நீட்டவேண்டும், பிறகு மாற்றி நீட்டவேண்டும் என்று அவள் கற்றுக்கொடுத்தாள். இந்த வயதில் இது என்ன கூத்து என்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

போன தை மாதம் ஒரு கல்யாணத்தில் பந்திக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அடுப்படியில் இடுப்பில் துண்டோடு, வெற்று முதுகோடு நிற்கிறார். முதுகில் பளிச்சென்று இரண்டு நீலப் பட்டைகள்.

"என்ன தம்பி, பயிற்சியை விட்டாச்சா?"

"விடலை அண்ணே. உலை கொதிக்கிற நேரத்துல கொட்டகைக்குப் பின்னால போய்ச் செஞ்சிட்டுத்தான் வர்றேன். ஏழு மாசமாச்சு, பிடிக்கலை."

"பின்னே இது எதற்கு?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இது முதுகில இருந்தா பசங்க என்னை அண்டாவைத் தொட விடறதில்லை அண்ணே."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் இரண்டு பையன்கள் ஓடிவந்து, சாம்பார் அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு பந்திக்கு நடந்தார்கள்.