எண்ணிமக் கூடத்துப் பிள்ளைகள்

1981ஆம் ஆண்டு மே மாதக் கடைசி இரவில் தீக்கிரையான யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு ஏறக்குறைய 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்பதை அறியாதவர் அவ்வூரில் இலர். ஆயினும் அந்தத் துயரத்துக்குப் பின்னர்ப் பிறந்த பிள்ளைகள், எஞ்சியிருக்கும் தாள்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக் காப்பதையே தம் ஜீவனோபாயமாகவும் கல்வியாகவும் ஏற்றிருப்பதை நேரிற் கண்டபோது எனக்கு உண்டான மரியாதை பெரிது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத் திட்டம் இத்துறைக்கு அங்கே வழி திறந்தது. நான் சென்றது, ஒழுங்கை ஒன்றிலுள்ள வேறொரு சிறு கூடம்.

அங்கே பணிபுரிவோர் யாவரும் மாணாக்கர். சிலர் வெளிவாரிப் பட்டத்துக்குப் படிப்பவர். சிலர் இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமாவுக்கு ஆயத்தம் செய்பவர். இரு புறமும் சரிந்த மரத்தாங்கியில் நூல் பாதி மாத்திரம் விரிந்து கிடக்க, மேலிருந்து இரண்டு கமராக்கள் இரு பக்கங்களையும் நோக்க, ஒரு பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் அருகே குனிந்தபோது, "ஐயா, தாளை நுனியிலை பிடிச்சு இழுக்கக் கூடாது, கீழாலை கையைக் குடுத்துத் தூக்கவேணும்" என்றாள். பழைய பத்திரிகைத் தாளில் மரக்கூழின் அமிலம் ஊறி இழைகளை நொறுக்கிவிடுகிறது என்ற காரணத்தை அவள் வகுப்பிலே கற்றாள். எந்தத் தாள் எப்பொழுது ஒடியும் என்பதையோ விரல்கள்தாம் அவளுக்கு உபதேசித்திருக்கின்றன. முதலில் நிற அட்டையைப் படமெடுத்தல், சுருக்காத மூலக் கோப்பை டிஃப் வடிவிலும் வாசகருக்குரியதைப் பி.டி.எஃப் வடிவிலும் வைத்தல், ஒரு துணுக்கு மாறினாலும் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்புத் தொகையைப் பதிதல், பிரதிகளை வெவ்வேறிடங்களிற் சேமித்தல் என்னும் கிரமம் அங்கே தவறுவதில்லை.

மற்றோர் இளைஞன், பாமினி எழுத்துருவில் முன்பு தட்டச்சான சஞ்சிகைகளின் கணினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகள் ஆங்கில எழுத்துகளின் அர்த்தமற்ற கலவையாகவே தோன்றும். ஆகையால் காகிதத்தைவிட விரைவில் ஊமையாகிவிடுவது கணினிக் கோப்பே என்பதை அவனிடம்தான் தெளிவாக உணர்ந்தேன்.

படித்து முடித்த பின்னரே தொழில் என்ற நியதி இவ்வித்தைக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றிய சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் உத்தியோகத்தோடு சுவடி ஆராய்ச்சியையும் நடத்தியவர் அல்லவா? ஆனால் இப்பிள்ளைகளுக்குப் பக்கக் கணக்குக்குக் கூலி கொடுக்கும் முறை எங்கேனும் இருக்குமாயின் அது கேடானது. அவசரப்படும் கை தாளைக் கிழிக்கும், அவசரப்படும் கண் மங்கிய வரியைத் தாண்டிவிடும். இக்கூடத்தில் மாத வேதனம்; வாரத்தில் ஒரு பிற்பகல், வேதனம் குறையாமல், பாடத்துக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அன்று அப்பிற்பகல். நூல் விவரணத்துக்குரிய டப்ளின் கோர் என்னும் தரமுறையின் 15 கூறுகளைப் பயின்றுகொண்டிருந்தவர்கள், இறந்தவருக்கு முப்பத்தோராம் நாளில் அச்சிட்டு வழங்கும் 'கல்வெட்டு' ஒன்றை நடுவில் வைத்தார்கள். வம்சாவளியும் ஊர்ச் சரித்திரமும் வேறெங்கும் கிடையாத அளவுக்கு இத்தகைய கல்வெட்டுகளில் உள்ளன. "இதுக்கு ஆசிரியர் ஆர்?" என்று அப்பெண் கேட்டாள். இறந்தவரா, வெளியிட்ட குடும்பத்தாரா, இரங்கற்பா இயற்றிய புலவரா? பாடநூலில் விடையில்லை. நெடுநேரம் வாதித்து, புலவர் பெயர் இருப்பின் அவரை ஆக்கியோராகவும், குடும்பத்தாரை வெளியீட்டாளராகவும், இறந்தவரைப் பொருளாகவும் கொள்வதென்று தற்காலிகமாக முடிவு செய்தார்கள். விரிவுரையாளருக்கு எழுதிக் கேட்கும் பொறுப்பை அவளிடமே விட்டு, பதில் வரும்வரை, அக்கல்வெட்டு இருந்த பெட்டியிலுள்ள மற்றக் கல்வெட்டுகளைப் படமெடுப்பது மாத்திரம், பட்டியலிடுவது பின்பு என்றும் தீர்மானித்தார்கள்.