அம்மாவுக்கு ஒரு சான்றிதழ்

மணிமுத்தாற்றங்கரையில் திருமுதுகுன்றம் என்னும் பழம்பெயரோடு விளங்கும் நம் விருத்தாசலத்தைப் ‘பீங்கான் நகரம்’ என்று பெருமையோடு சொல்கிறோம். அந்தப் பெருமையில் என் அன்னையின் விரல்களுக்கும் பங்கு உண்டு.

அம்மா இருபது ஆண்டுகளாக ஒரு பீங்கான் பட்டறையில் வேலை செய்கிறார். களிமண் குழம்பை அச்சில் ஊற்றுவார். அச்சு நீரை உறிஞ்சியதும் பொம்மையை எடுத்து, ஒட்டுத் தழும்பை ஈரப் பஞ்சினால் துடைத்துச் சீராக்குவார். காய்ந்ததா என்றறியக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். “இன்னும் சில்லுனு இருக்கு, சூளைக்குப் போனா வெடிச்சிடும்” என்பார். உள்ளே தங்கிய ஈரம் ஆவியாகிப் பொருளைப் பிளக்கும் என்பதை, வேதியியல் மாணவியாகிய நான் பிறகுதான் அறிந்தேன்.

சென்ற ஆண்டு அங்கே மேற்பார்வையாளர் வேலை காலியாயிற்று. “படிச்ச பேப்பர் இருக்கா?” என்று அம்மாவைக் கேட்டார்களாம். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவரிடம் அது ஏது? புதிதாக வந்த இளைஞருக்கு ஒரு மாதம் தொழில் சொல்லிக்கொடுத்தவரும் அம்மாதான்! அன்றிரவு அவர் அழவில்லை. “நீ நிறுத்திடாத பாப்பா” என்று மட்டும் சொன்னார்.

நான் நிறுத்தவில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டம், 2022இல் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. கல்யாணத்துக்கென இருந்த பணம் கல்விக்கு வந்தது. அரசுப் பள்ளியில் படித்த எனக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 2021 முதல் நகரப் பேருந்திலும் பெண்களுக்குக் கட்டணமில்லை. என் போன்றோருக்குக் கதவு திறந்துவிட்டது. அம்மாவைப் போன்றோருக்கு?

வழி இல்லாமல் இல்லை. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், ஏற்கெனவே தொழில் அறிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் வழங்கவும் இடம் வைத்தார்கள். ஆனால் அந்தச் செய்தி பட்டறை வாசலுக்கு வரவில்லை. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போகும். ஆகவே பயிற்சியும் சோதனையும் அவர்கள் வரக்கூடிய நேரத்தில், வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே நடைபெற வேண்டும். மண் கலவையும் சூளையின் வெப்பக் கணக்கும் பெண்களுக்கும் கற்பிக்கப்பட வேண்டும்.

அன்புத் தோழியரே, தோழர்களே! அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், மரம் நடுவதோடு பட்டறைகளுக்கும் செல்வோம். விண்ணப்பங்களைப் படித்துக் காட்டுவோம், நிரப்பித் தருவோம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நான் பட்டம் வாங்கும் நாளில் அம்மா கையிலும் ஒரு தாள் இருக்க வேண்டும். அதில் எழுதப்போகும் தொழிலை அவர் எப்போதோ கற்றுவிட்டார்.