காவியில் சில பொருள்கள்

பனமலைத் தாளகிரீசுவரர் கோயிலின் சிறுசன்னதிச் சுவர் ஒன்றில் உமை நிற்கிறாள். தலையில் மகுடம், மேலே குடை. ஒரு காலை மடக்கி, உடலைச் சாய்த்து, சிவனின் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பல்லவன் ராஜசிம்மன் கட்டிய கோயில். ஏறக்குறைய 1300 ஆண்டுப் பழமை. ஆடியவரின் உருவம் பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்த்தவள் இன்னும் இருக்கிறாள்.

எந்த வேலையும் செய்யாமல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை நம் வீடுகளில் காண்பது அரிது. நாம் பொருள்களைப் பார்ப்பதே வேலைக்காகத்தான். சட்டியைப் பார்த்தால் கழுவ வேண்டும். மிளகாயைப் பார்த்தால் காம்பு கிள்ள வேண்டும்.

அந்தச் சுவரின் நிறங்களைக் கொண்டு அஞ்சலட்டை அளவில் பொருள்களை வரையத் தொடங்கினேன். ஒரு படத்துக்கு ஒரே நிறக் குடும்பம். முதலில் எடுத்தது காவி. காவி என்றதும் கொடியோ துறவியோ நினைவுக்கு வரலாம். நான் சொல்வது வாசலில் கோலத்தைச் சுற்றிப் பெண்கள் இழுக்கும் காவி. மண்ணிலுள்ள இரும்புதான் அதன் சிவப்பு. மஞ்சள் காவியைச் சூடாக்கினால் செங்காவியாகும்; கடையில் வாங்கும் ‘பர்ன்ட் சியன்னா’வும் சுட்ட மண்தான். அடுப்பங்கரைக்குத் தெரிந்த வேதியியல் அது.

மண்சட்டி, காய்ந்த மிளகாய், செங்கல் துண்டு, பனம்பழம். நான்கும் ‘சிவப்பு’ என்றுதான் மேசைக்கு வந்தன. அரை மணி நேரம் பார்த்தபின் அந்தச் சொல் போதவில்லை. மிளகாய்க்குப் பக்கத்தில் சட்டி பழுப்பாகிறது. சாம்பல் துணிமேல் வைத்தால் அதே சட்டி சிவக்கிறது. நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் நிறம் செத்துவிடும், துளி நீலம் போதும். நிறத்தைச் சுருக்கினால் கண் வேறுபாடுகளைத் தேடத் தொடங்குகிறது. தமிழில் செம்மை என்பது சிவப்பு மட்டுமல்ல, நேர்மையும்தான். ஒரு சட்டியை அது இருக்கிறபடி பார்ப்பதை அந்தச் சொல்லால் குறிக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த ஓவிய வகையை ஆங்கிலத்தில் ‘ஸ்டில் லைஃப்’ என்பார்கள். ஐரோப்பியக் கலைக்கழகங்கள் இதைத் தரவரிசையின் அடியில் வைத்தன. புராணமும் போரும் மேலே. பழமும் பாத்திரமும் கீழே. மேலே போக நிர்வாண உடலைப் பார்த்து வரையப் பழக வேண்டும். அந்த வகுப்பில் பெண்களுக்கு இடமில்லை. 1768இல் லண்டனில் ராயல் அகாடமியை நிறுவிய உறுப்பினர்களில் இருவர் பெண்கள்: ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். மோசர் பூக்களை வரைந்தவர். உறுப்பினர்கள் மாதிரி உடலைச் சூழ்ந்திருப்பதாக ஜோஹான் ஸோஃபனி தீட்டிய படத்தில் ஆண்கள் அறைக்குள் இருக்கிறார்கள். அந்த இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டுமே இருக்கிறார்கள். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே கிளாரா பீட்டர்ஸ் தாம் வரைந்த பாத்திரங்களின் பளபளப்பில் தம் முகத்தைச் சின்னஞ்சிறிதாகத் தீட்டி வைத்தார். பாத்திரத்தைப் பார்ப்பவர் அதைப் பார்த்து வரைந்தவளையும் பார்த்தாக வேண்டும்.

இன்று நமக்கு முன்னால் மூடிய வகுப்பறைக் கதவு இல்லை. மூடியிருப்பது நேரம். “சமைக்கிற சட்டிய வரைஞ்சு என்ன ஆகப்போகுதும்மா?” என்று என் அம்மா கேட்டார். அந்த அரை மணி நேரம் சட்டி யாருக்கும் சமைக்கவில்லை, நானும் சமைக்கவில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. சற்று நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, “அடியில கரி பிடிச்சிருக்குமே, அதைக் காணோம்” என்றார்.

ஐம்பது ஆண்டுகளாகத் தேய்த்துக் கழுவிய கண் அது. ஒரு தூரிகையை அவர் பக்கம் நகர்த்தினேன்.